டீச்சர் உட்கார்ந்த பக்கம்

"அந்தப் பார்சலை எடுத்து மடியில வச்சுக்கறீங்களா? நான் உக்காரணும்."

ரஞ்சனி கேட்டபோது அவள் குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சத்திரம் பஸ் நிலையம், ஐப்பசி மழை, சனிக்கிழமை சாயங்காலக் கூட்டம். ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம்தான். அந்த ஜன்னலோர இடத்திலும் செய்தித்தாள் சுற்றிய பெரிய சதுரமான ஏதோ ஒன்றைச் சாய்த்து வைத்து, குழந்தையைப் பிடிப்பதுபோல ஒரு கையால் அணைத்தபடி உட்கார்ந்திருந்தான் ஒருவன்.

"இது ஒரு மேடத்தோட சீட்டுங்க."

"எந்த மேடம்?"

அவன் பார்சலைக் காட்டினான்.

காலையிலிருந்து தில்லைநகர்க் கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டே ஊராருக்குக் கண் பரிசோதித்துவிட்டு வந்தவள் ரஞ்சனி. பொறுமை என்று அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை.

"ஓ... மேடத்துக்கு டிக்கெட் எடுத்தாச்சா?"

"லேடீஸுக்கு ஃப்ரீதானே?"

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். கண்டக்டர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரஞ்சனிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. குடையை மடக்குகிற வேகத்தில் உதறினாள். தெறித்த தண்ணீரில் செய்தித்தாள் நனைந்து கிழிந்தது. கிழிசலுக்குள்ளிருந்து, தலையில் வெள்ளை முக்காடு போட்ட ஒரு முகம் அவளைப் பார்த்துச் சிரித்தது.

அவள் குனிந்து பார்த்தாள்.

"ஷரீபா டீச்சர்..."

"உங்களுக்குத் தெரியுமா?" அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"என்கிட்ட கேக்கறீங்களா? நான் டீச்சரோட ஸ்டூடண்ட். இன்னைக்கு நினைவுக் கூட்டத்துல பேசறதே நான்தான்."

"நானும் ஸ்டூடண்ட்தாங்க. கைலாசபுரம், ஞாயித்துக்கிழமை கிளாஸ். ஃபேக்டரில வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கேன். பேரு நல்லதம்பி."

"அது பேரா, நடத்தைச் சான்றிதழா?"

அவன் சிரித்தான். அவனுடைய சிரிப்பு முதலில் கண்ணில் வந்தது. பிறகுதான் உதட்டுக்கு இறங்கியது... நாள் முழுக்கக் கண்களைப் பார்ப்பதுதான் அவள் தொழில். ஆனால் அவள் பார்ப்பது லென்ஸையும் விழித்திரையையும்தான். அன்று மாலை மஞ்சள் விளக்கில், மழை வழியும் ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒரு ஜோடி பழுப்புக் கண்களை முதன்முறையாக வெறும் கண்களாகப் பார்த்துவிட்டாள்.

பார்த்ததை உடனே மறைக்க வேண்டியிருந்தது.

"உங்களுக்குக் கிட்டப்பார்வை. அதான் எதிர்ல நிக்கற பஸ்ஸோட போர்டைக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்கறீங்க. நல்ல கண்ணாடி போடுங்க."

நல்லதம்பி படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தான். அவள் உட்கார்ந்தாள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. புது வெள்ளம் செந்நிறமாகக் கீழே ஓடியது. நடுவில் டீச்சர் மட்டும் சிரித்துக்கொண்டு வந்தார்.

*

ஷரீபா டீச்சர் கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு பெரியவர்களுக்காக வகுப்பு எடுத்தார். சனிக்கிழமை மாலை ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையில் ஒரு பாட்டுப் பள்ளியின் மாடியில். ஞாயிறு காலை கைலாசபுரத்தில். கட்டணம் கிடையாது, பரீட்சையும் கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், சமையலை முடித்துவிட்டு வருகிற பெண்கள் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். போர்டில் ஒரு கேள்வியை எழுதுவார். 'ஆமாம்' என்பவர்கள் ஜன்னல் பக்கம் உட்கார வேண்டும், 'இல்லை' என்பவர்கள் சுவர்ப் பக்கம். எந்தப் பக்கம் ஆள் இல்லையோ அந்தப் பக்கம் டீச்சர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"யாரும் இல்லாத பக்கத்துக்கும் ஒரு நியாயம் இருக்கும்ல... அது பாவம் தனியா நிக்கக்கூடாது" என்பார்.

ரஞ்சனி அந்த மாடிப்படியில் முதல்முறை ஏறியபோது கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோன ஒரு கல்யாணத்தின் பெண்ணாக இருந்தாள். ஊரே அவளை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்த நேரம். அன்று போர்டில் இருந்த கேள்வி: 'துணை இல்லாத வாழ்க்கை குறையுள்ள வாழ்க்கையா?' மாமாக்களும் மாமிகளும் மொத்தமாக ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். டீச்சர் மட்டும் சுவரோரம் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், ஒவ்வொருவராக எதிர்கொண்டு பேசினார். பேசி முடிப்பதற்குள் ரஞ்சனி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு டீச்சர் பக்கத்தில் போய்ப் போட்டிருந்தாள். அதன் பிறகு வீட்டில் எந்த வரனைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

மற்றக் கேள்விகளில் டீச்சர் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் உட்காருவார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியில் மட்டும் அவர் மனதிலிருந்து பேசினார் என்று நம்பினாள். டீச்சரே கல்யாணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்தவர்தானே?

ஆடி மாதம் டீச்சர் காலமானார். இன்று இரண்டு வகுப்பும் முதல் முறையாக ஒரே மாடியில் கூடியிருந்தன. முன்வரிசையில் டீச்சரின் தம்பி பரக்கத் அலி. பெரிய கடை வீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். படத்துக்கு மாலை வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததால் அதை ஒரு நாற்காலியில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

ரஞ்சனி பேசினாள். நன்றாகவே பேசினாள். "தனியாக வாழ்வது தண்டனை இல்லை, அதுவே முழுமையான வாழ்க்கைன்னு டீச்சர் எனக்குக் காட்டினாங்க. அவங்க வாழ்ந்தும் காட்டினாங்க" என்று முடித்தபோது மாமிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்..." நல்லதம்பி எழுந்தான். "எங்க கிளாஸ்ல டீச்சர் இதுக்கு நேர்மாறா பேசுனாங்க. ஒரு மனுஷனுக்காகக் காத்திருக்கறதும், அவங்களோட சண்டை போடறதும்தான் வாழ்க்கைல நாம படிக்கிற பெரிய படிப்புன்னாங்க. அதைக் கேட்டுத்தான் எங்க செட்டுல ரெண்டு பேரு கல்யாணமே பண்ணாங்க."

கைலாசபுரத்துக்காரர்கள் தலையாட்டினார்கள். ரஞ்சனிக்குக் காது சுட்டது.

"அப்படி டீச்சர் சொல்லியிருக்கவே மாட்டாங்க."

"சொன்னாங்க. நாங்க அத்தனை பேரும் பேச்சிலரு... கல்யாணம்னாலே தொல்லைன்னு எல்லாரும் ஒரே பக்கம் உக்காந்திருந்தோம்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். அவனுக்கே அப்போதுதான் புரிந்தது. முன்வரிசையில் பரக்கத் அலியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து யாரோ தண்ணீர் நீட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நானும் ஒருதரம் கேட்டேன் அக்காகிட்ட. ஏன் நிக்காஹ் பண்ணிக்கலன்னு. நீ என்ன நெனைக்கிறேன்னு என்னையே கேட்டுச்சு. நான் ஒண்ணு சொன்னேன். அதுக்கு எதிரா ஒரு மணி நேரம் பேசிச்சு! மறுநாள் நான் மாத்திச் சொன்னேன். அதுவும் மாத்திப் பேசிச்சு. அல்லா மேல ஆணை, இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது!"

மாடி அதிர்ந்தது. ஸ்ரீரங்கத்து வகுப்பின் தேசிகன் மாமா கண்ணில் நீர் வர, "தாயே, எங்களை எல்லாம் நன்னா ஆட்டி வச்சுட்டியேம்மா!" என்று படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

ரஞ்சனி மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாக அவள் சாய்ந்து நின்ற சுவரை, எல்லார் முன்னாலும், அந்தப் பஸ்காரன் நகர்த்திவிட்டான்.

*

இரண்டு வகுப்பையும் ஒன்றாக்கிச் சனிக்கிழமைகளில் தொடர்வதென்று அன்றே முடிவானது. கேள்வி எழுதுவதும், ஆளில்லாத பக்கம் போய் உட்காருவதும் இனி முறைபோட்டு. முதல் சில வாரங்கள் ரஞ்சனி அவனோடு பேசவில்லை. வாதாடினாள். பொய் சொல்லலாமா, மறதி நல்லதா, கடவுளுக்குக் கோபம் வருமா... எதுவானாலும் அவன் ஒரு பக்கம், அவள் மறுபக்கம்.

"ரெண்டு பேரும் பேசி வச்சுண்டு வரேளா?" என்று கேட்டார் தேசிகன் மாமா.

"இவரோடயா? நானா?" என்றாள் ரஞ்சனி.

ஆனால் சனிக்கிழமை காலையிலேயே சாயங்காலத்துக்கு என்ன புடவை என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள். வகுப்பு முடிந்து அவன் பஸ் நிறுத்தம் வரை கூட வருவான். விட்ட வாதத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஒரு தடவை பேச்சு சுவாரசியத்தில் அடுத்தடுத்து பஸ்களை விட்டுவிட்டார்கள். அவள் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான் என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

கார்த்திகை பிறந்த வாரம் அவன் கடைக்கே வந்துவிட்டான்.

"கண்ணைச் சோதிக்கணும். மேடம்தான் சொன்னீங்க."

இருட்டறை. அவன் மூக்கின் மேல் பரிசோதனைச் சட்டத்தை மாட்டினாள். இவ்வளவு அருகில் அந்தக் கண்கள்... எத்தனையோ பேருக்குச் செய்த வேலைதான். ஆனால் தவறான லென்ஸை எடுத்துவிட்டு மாற்றினாள்.

"ரெண்டுல எது தெளிவா இருக்கு? இதுவா...? இல்ல, இதுவா?"

"ரெண்டுலயும் நீங்க தெளிவாத்தான் தெரியறீங்க."

"போர்டைப் பாருங்க!"

"போர்டைப் பாக்க விடமாட்டேங்கறீங்களே."

"மூக்கு மேல கிடக்கற இரும்பு ரொம்ப கனமானது. இன்னும் கொஞ்சம் இறுக்கவா?"

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கியது.

"ரஞ்சனி... அன்னைக்குக் கூட்டத்துல அப்படி எழுந்து பேசினது தப்பு. மன்னிச்சுக்குங்க. இன்னொண்ணு. மண்ணச்சநல்லூர்ல எங்கம்மா வர்ற ஞாயித்துக்கிழமைக்கு ஒரு இடத்துல பொண்ணு பாக்க ஏற்பாடு பண்ணியிருக்காங்க. நான் இன்னும் சரின்னு சொல்லல. உங்ககிட்ட கேக்காம சொல்ல முடியல. உங்களுக்கு... என்னைப் பத்தி ஏதாவது எண்ணம் இருக்கா?"

இருட்டு நல்லதாகப் போயிற்று. அவள் முகம் அவனுக்குத் தெரியவில்லை. இருக்கு, இருக்கு என்று உள்ளே ஏதோ ஒன்று குதித்தது. ஆனால் அடுத்த கணமே கூட்டம் நினைவுக்கு வந்தது. தனியாக இருப்பதே முழுமை என்று மைக்கில் பேசியவள்... மறுத்துப் பேசியவனையே கட்டிக்கொண்டாளாம்! வாதத்தில் அவன் ஜெயித்தான், பெண்ணையும் ஜெயித்தான் என்று ஊர் சொல்லாதா? அவனே அப்படி நினைக்க மாட்டானா?

விளக்கைப் போட்டாள்.

"கண்ணாடி வெள்ளிக்கிழமை ரெடியாகும். பில்லை முன்னாடி வாங்கிக்கங்க."

அவன் சட்டத்தைக் கழற்றி மேஜையில் வைத்தான். தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை கண்ணாடியை வாங்க அவன் நண்பன் வந்தான்.

*

அந்தச் சனிக்கிழமை அடைமழை. ரஞ்சனி தாமதமாக, நனைந்துகொண்டு மாடியேறினாள். கேள்வி எழுதும் முறை அன்று தேசிகன் மாமாவுக்கு. வாசலிலேயே அவள் கால் நின்றுவிட்டது. போர்டில் அதே கேள்வி. 'துணை இல்லாத வாழ்க்கை குறையுள்ள வாழ்க்கையா?'

"ரெண்டு ஊரும் சேர்ந்த பிறகு இதைத் திரும்பக் கேக்காம விடலாமோ?" என்றார் மாமா, ரொம்ப அப்பாவியாக.

இந்த முறை கைலாசபுரத்துக்காரர்களும் ஜன்னல் பக்கம் சேர்ந்துவிட்டிருந்தார்கள். சுவரோரம் ஒரே ஒருவன். புதுக் கண்ணாடி போட்ட நல்லதம்பி.

எல்லோரும் ரஞ்சனியைப் பார்த்தார்கள். அவளுடைய பக்கம் அது. அவள் இடம் அது. ஆனால் அங்கே போனால் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும்... மனம் இதைக் கணக்குப் போடுவதற்குள் கால் அவளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. ஒரு மாமி இன்னொரு மாமியை இடித்தாள்.

நல்லதம்பி பேச ஆரம்பித்தான். கேலி இல்லை, விளையாட்டு இல்லை.

"எங்கப்பா போனப்ப எங்கம்மாவுக்குச் சின்ன வயசு. ஊரே பாவம் பாவம்னுச்சு. அம்மா ரைஸ் மில்லைத் தானே எடுத்து நடத்துனாங்க. நெல்லு வாங்கறது, ஆள் வைக்கறது, மெஷின் நின்னா மெக்கானிக்கோட சண்டை போடறது எல்லாம் அவங்கதான். அவங்க வாழ்க்கைல கஷ்டம் இருந்துச்சு. குறை இருந்துச்சுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அதே மாதிரி... ஒருத்தங்க தன் உழைப்புல நிக்கறாங்க, பத்துப் பேருக்குப் பார்வை சரி பண்றாங்க, தனக்குப் பிடிச்ச இடத்துக்கு வந்து உக்காந்து யோசிக்கறாங்க. அவங்களைப் பாத்து உனக்கு ஒண்ணு குறையுதுன்னு சொல்ல நாம யாருங்க? அவங்க வேணாம்னு சொன்னா அது முழுசான பதில். அதுக்குக் காரணம் கேக்கறதே மரியாதை இல்ல."

அவன் அவளைப் பார்க்கவில்லை. போர்டைப் பார்த்துத்தான் பேசினான். அவளுடைய வழக்கை அவளைவிட நன்றாக ஒருவன் நடத்துகிறான். அவளைத் தோற்கடிக்க அல்ல... தன்னை வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்காகவே, அவளுக்காக வாதாடுகிறான்! அவன் சொல்வது ஒவ்வொன்றும் சரி. அப்படியிருந்தும் அவன் இந்த வாதத்தில் ஜெயித்துவிடக் கூடாதே என்று அவள் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?

எழுந்தாள்.

"குறை இல்ல. அதை நான் ஒத்துக்கறேன்" என்றாள். "ஆனா குறை இல்லாதவங்களுக்கு ஆசை இருக்கக்கூடாதா? பசியே இல்லாதப்பகூட மழையைப் பாத்தா சூடா ஒரு காபி குடிக்கணும்னு தோணுது. அது குறையா? கேள்வியே தப்பா இருக்கு. ஒருத்தர் இல்லாம முடியாதுங்கறதுக்காக மட்டும்தான் கூப்பிடணுமா? இல்லாமலும் நான் நல்லாத்தான் இருப்பேன், இருந்தும் நீ வான்னு கூப்பிடக் கூடாதா?"

எல்லோரும் நல்லதம்பி பக்கம் திரும்பினார்கள். மழை மட்டும் ஓட்டுக் கூரையில் பேசிக்கொண்டிருந்தது.

"பதில் சொல்லுமய்யா" என்றார் தேசிகன் மாமா, நல்லதம்பியைப் பார்த்து.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி மாட்டினான்.

"என்கிட்ட பதில் இல்லைங்க" என்றான்.

*

வகுப்பு கலைந்ததும் அவன் யாருக்கும் காத்திராமல் படியிறங்கினான். ரஞ்சனி செருப்பை அரைகுறையாக மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"நில்லுங்க! நல்லதம்பி... நில்லுங்கன்னா!"

சாலை விளக்கின் கீழே அவன் திரும்பினான். மழை தூறலாக இளைத்திருந்தது. கண்ணாடியில் துளித்துளியாக நீர். அதற்குப் பின்னால் அந்தக் கண்கள், பயந்துகொண்டு...

"அன்னைக்குக் கடையில நான் பதில் சொல்லல" என்றாள் மூச்சு வாங்க. "பதில் தெரியாம இல்ல. சரின்னு சொன்னா நீங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடுமோன்னு வீம்பு. இன்னைக்கு நீங்க என் பக்கம் உக்காந்து பேசறீங்க... வீம்பை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"உங்க மேல இருக்கற மரியாதைல பேசினேன். உங்க மனசை மாத்தறதுக்கு இல்ல."

"தெரியும். அதனாலதான் மாறிச்சு." அவள் சிரித்தாள். நனைந்த முகத்தில் அந்தச் சிரிப்பு தெளிவாக இருந்தது. "டீச்சர் என்ன நெனச்சாங்கன்னு இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. நான் என்ன நெனைக்கறேன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அந்தப் பஸ்லயே பிடிச்சுது. கோவத்தோட பிடிச்சுது."

அவன் வாயைத் திறந்தான். எந்தக் கேள்விக்கும் எந்தப் பக்கமும் பேசுகிறவன் ஊமையாக நின்றான்.

"ஏதாவது பேசுங்களேன்!"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க..." என்றான் பரிதாபமாக. "நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்கன்னு நெனச்சு, அம்மாகிட்ட சரின்னுட்டேன். பெரியப்பா வேன் சொல்லியாச்சு. அம்மா பூ, பழம் எல்லாம் வாங்கி வச்சிருக்காங்க."

"ஃபோனை எடுங்க."

"இப்பவா?"

"பின்ன, வேன் கிளம்புனப்புறமா?"

அவன் தயங்கித் தயங்கி அம்மாவை அழைத்தான். எதிர்முனையில் மில்லின் இரைச்சல். அதற்கு மேல் வீராயி அம்மாளின் உரத்த குரல். "சொல்லுடா தம்பி! வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுட்டியா?"

"அம்மா... அது வந்து... நாளைக்கு அந்த வீட்டுக்கு வேணாம்மா..."

"என்னாது?"

"இல்லம்மா... இங்க ஸ்ரீரங்கத்துல... எப்படிச் சொல்றதுன்னு..."

ரஞ்சனி கையை நீட்டினாள். அவன் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டான். அவள் முந்தானையால் காதைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து, தெளிவாகப் பேசினாள்.

"வணக்கங்க. நாளைக்கு வேன் வரட்டும். பூவும் பழமும் வீணாக வேணாம். ஸ்ரீரங்கத்துக்கு எங்க வீட்டுக்கு வாங்க. எங்கப்பா அம்மாகிட்ட நான் இப்பப் போய்ச் சொல்லிடறேன்."

எதிர்முனையில் மில் சத்தம் நின்றது. பிறகு வீராயி அம்மாள் சந்தேகத்தோடு கேட்டார்.

"யாரும்மா பேசறது?"

ரஞ்சனி நல்லதம்பியைப் பார்த்தாள்.

"பொண்ணுதாங்க பேசறேன்" என்றாள்.